நீளக்கட்டிச் சவுக்காரம் நிண்டதுக்குக் கிணத்தைக் குத்தம் சொல்லாதீங்க

ஆரையம்பதிவாசி:
முந்தின திரியில "கல்முனைக் கடைத்தெரு" எழுதினது இது: "நீளக்கட்டியை ஆக்கள் வாங்கல்ல, கம்பனி நிறுத்திட்டு. அதே கம்பனிட புதுக் கட்டி நுரைக்கல்ல எண்டா அது உங்கட கிணத்துத் தண்ணிட குத்தம்." வாசிச்ச உடனே எரிச்சல் வந்திட்டு. கிணறு நேத்தா வெட்டினது? அதே கிணத்துத் தண்ணியிலதான் பழைய கட்டி நுரைச்சது. மாறினது கட்டி. கிணறு மாறல்ல.

கல்முனைக் கடைத்தெரு:
ஒரு சாமான் எப்படி நிக்கும் எண்டு கடை வைக்கிறவங்களைக் கேளுங்க. முதல்ல சின்னக் கட்டி வராது. மறுகா பிரதிநிதிட ஓடர் புத்தகத்தில அந்தப் பேர் இருக்காது. மறுகா லொறிக்காரர் ஸ்டொக் இல்ல எண்டுவார். கடைசியில ராக்கையில அந்த இடத்தில வேற கட்டி நிக்கும். உலகம் முழுக்க இதுதான் நடக்குது. 1999இல சவுக்காரம் செய்ற பெரிய கம்பனி யூனிலீவர் 1600 பிராண்டை 400 ஆக்கப்போறம் எண்டு அறிவிச்சது. 2014இல அதோட போட்டிக் கம்பனி பி அன்ட் ஜி 100 பிராண்ட் வரைக்கும் கழட்டப்போறம் எண்டது. வைச்சிருக்கப்போற 70, 80 பிராண்டுதான் 90 வீத விற்பனை எண்டு கணக்கும் காட்டினது. விக்காதது போகும். ஆரையம்பதி கடலுக்கும் வாவிக்கும் நடுவில கிடக்கு, தண்ணி வன்னீர், கல்சியமும் மக்னீசியமும் கூடின தண்ணி. நுரை வராததுக்கு அதுதான் காரணம்.

ஆரையம்பதிவாசி:
1600ஐயும் 400ஐயும் சொல்லித் தப்பாதீங்க. நான் கேட்டது நுரை. வன்னீர் கணக்கை நானே போடுறன். கல்சியம் காபனேற்றுக் கணக்கில லீற்றருக்கு 300 மில்லிகிராம் வன்மை எண்டு வைங்க. 10 லீற்றர் வாளியில ஏறக்குறைய 18 கிராம் சவுக்காரம் நுரைக்க முதலே கல்சியத்தோட சேர்ந்து வெள்ளையா மிதந்து வீணாப் போகும். அந்த 18 கிராம் பழைய கட்டிக்கும் போனதுதான். புதுக் கட்டியில மெய்யான சவுக்காரம் 60 வீதம் எண்டா, அந்த 18ஐ நிரப்ப 30 கிராம் உரசணும். தண்ணி ரெண்டுக்கும் ஒண்டுதான். கிணறு மாறல்ல.

கல்முனைக் கடைத்தெரு:
மாறும். மாரி மழைக்குப் பிறகு மணலுக்குள்ள நல்ல தண்ணி மேல நிக்கும். ஆவணியில அது வத்திப்போகும். வீட்டுக்கு வீடு மோட்டர் போட்டு இழுத்தா கீழ கிடக்கிற உப்புத் தண்ணி மேல ஏறும். உப்புக் கூடினாலும் சவுக்காரம் கரையாது, நுரைக்காது. தை மாசத்துப் பழைய கட்டியையும் ஆவணி மாசத்துப் புதுக் கட்டியையும் ஒப்பிட்டுட்டு கம்பனியில பழி போடுறீங்க.

சம்மாந்துறை வட்டை:
ரெண்டு பேரும் கத்துறதை விட்டுட்டுக் கட்டியைச் சோதிச்சுப் பாருங்க. 10 கிராம் சீவி, 100 மில்லிலீற்றர் கொதிதண்ணியில கரைச்சு, கடையில விக்கிற 5 வீத வினாகிரி 50 மில்லிலீற்றர் ஊத்துங்க. கொழுப்பு எண்ணெயாப் பிரிஞ்சு மேல வரும். ஆறவிட்டு அந்தப் படையைப் பாருங்க, தடிப்பா இருந்தா சவுக்காரம் கூட, மெல்லிசா இருந்தா குறைவு. அடியில தூள் படிஞ்சா டல்க், களிமண் மாதிரி நிரப்பி. ஊத்தின உடனே பொங்கினா சோடா, இல்லாட்டிச் சுண்ணாம்புக்கல் தூள். கட்டிட குத்தமா என்டு அதிலயே தெரியும்.

கல்முனைக் கடைத்தெரு:
காக்கா, சோடா போட்டாப் பொங்கத்தான் செய்யும். வன்னீருக்காகத்தான் அதைச் சேர்க்கிறாங்க. பொங்கினா கலப்படம் எண்டு சொல்லி ஊரைக் கிளப்பாதீங்க.

சம்மாந்துறை வட்டை:
கலப்படம் என்டு நான் எங்க எழுதினன்? வாசிச்சிட்டுப் பதில் போடுங்க. போன முறை தேங்காயெண்ணெய்த் திரியிலயும் இப்படித்தான் என்ட வாயில இல்லாததைப் போட்டீங்க.

களுதாவளை அக்கா:
என்ன எண்ணெயில செய்தது எண்டு ஒருத்தரும் கேக்கல்ல. தேங்காயெண்ணெய்ச் சவுக்காரம் உப்புத் தண்ணியிலயும் நுரைக்கும். பாம் எண்ணெய், மிருகக் கொழுப்புக் கூடினா அந்த அளவுக்கு நுரைக்காது. வீட்டிலயே செய்யலாம். 1 கிலோ தேங்காயெண்ணெய்க்குக் கோஸ்டிக் சோடா 183 கிராம்தான் எண்ணெய் முழுக்கச் சவுக்காரமாகிற அளவு. உடுப்புக்கு 180, உடம்புக்கு 174க்கு மேல வேணாம். தண்ணி 350 மில்லிலீற்றர். கோஸ்டிக்கைத் தண்ணிக்குள்ள கொஞ்சம் கொஞ்சமாப் போடணும். கோஸ்டிக்குக்கு மேல தண்ணி ஊத்தினா கொதிச்சு மூஞ்சியில தெறிக்கும். கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். அச்சில ஊத்தி நாலு கிழமை காயவிடணும்.

ஓட்டமாவடி:
அம்புட்டுக் கஷ்டம் எதுக்கு? சோத்துச் சட்டியில கிண்டினா ஒரு மணித்தியாலத்தில முடியும்.

களுதாவளை அக்கா:
சோத்துச் சட்டி அலுமினியம் எண்டா கோஸ்டிக் அதைத் தின்னும். ஐதரசன் வாயு கிளம்பும், சட்டியும் ஓட்டையாகும். அடுப்புக்குப் பக்கத்தில எண்டா நெருப்புப் பிடிக்கும். எவர்சில்வர், இல்லாட்டி வெப்பம் தாங்கிற தடிச்ச பிளாஸ்டிக். தெரியாட்டி எழுதாதீங்க தம்பி, பிள்ளைகளும் வாசிக்கிற இடம். இன்னொண்டு: திறந்து வைச்ச கோஸ்டிக் ஈரம் இழுத்திருக்கும். நிறுத்தா 180 காட்டும், உள்ள அவ்வளவு இருக்காது. கட்டி எண்ணெய் வடியும்.

ஆரையம்பதிவாசி:
அக்கா, சமையல் குறிப்புக்கு வேற திரி திறங்க. கல்முனைக்காரர் பதில் சொல்லணும். மாசம் மாறினா தண்ணி மாறும் எண்டவருக்குத்தான் இந்தச் சோதனை. மழைத்தண்ணி பிடிங்க, அதில வன்மை இல்ல. ரெண்டு போத்தல், ஒவ்வொண்டிலும் 200 மில்லிலீற்றர். பழைய கட்டி 1 கிராம் ஒண்டில, புதுக் கட்டி 1 கிராம் மத்ததில. கரைஞ்சாப் பிறகு ஒரே அளவு குலுக்கி, அஞ்சு நிமிஷம் விட்டு நுரையை அடிமட்டத்தால அளங்க. மழைத்தண்ணியிலயும் புதுக் கட்டி குறைஞ்சா கிணத்துக்கு இதில என்ன வேலை?

கல்முனைக் கடைத்தெரு:
இந்தச் சோதனையிலயும் ஓட்டை கிடக்கு. பழைய கட்டி மாசக்கணக்காக் காஞ்சு நீர் வத்தினது. அதில 1 கிராம் எண்டா சவுக்காரம் கூட. புதுக் கட்டியில ஈரம் இருக்கு. ரெண்டையும் சீவி, வெயிலில காயவைச்சு, நிறை இறங்கிறது நிண்டாப் பிறகு நிறுங்க. அதுக்குள்ள தீர்ப்புச் சொல்லாதீங்க.

ஆரையம்பதிவாசி:
காயவைக்கிறன். பழைய கட்டிக்கு எங்க போறது? ராக்கையில இல்ல எண்ட ஆக்கள்ற பின்னறையில பெட்டி பெட்டியாக் கிடக்கு, கேட்டா உறையில போட்ட விலைக்கு மேல சொல்றாங்க. விக்காத சாமானுக்கு எதுக்கு அந்த விலை? ஆக்கள் வாங்கல்ல எண்ட உங்கட கதை அதிலயே விழுந்திட்டு.

கல்முனைக் கடைத்தெரு:
என்னைச் சொல்றீங்களா? பேரைச் சொல்லிச் சொல்லுங்க. எந்தக் கடை எண்டு தெரிஞ்சா 1977 எண்ட நம்பருக்கு எடுத்துப் பாவனையாளர் அதிகாரசபைக்குச் சொல்லுங்க. குறிச்ச விலைக்கு மேல வித்தா 2003ஆம் ஆண்டு 9ஆம் இலக்கச் சட்டத்தில குத்தம். இஞ்ச வந்து கல்முனைக் கடைக்காரர் எல்லாரையும் கள்ளனாக்கத் தேவையில்ல.

ஓட்டமாவடி:
வன்னீருக்கு அப்பச்சோடா போட்டாச் சரி. இதுக்கு இவ்வளவு சண்டையா?

ஆரையம்பதிவாசி:
அப்பச்சோடா இல்ல, சலவைச்சோடா. நான் சொன்ன 10 லீற்றர் வாளிக்குப் பளிங்காக் கிடக்கிறது எண்டா 9 கிராம், நீரில்லாத் தூள் எண்டா 3 கிராமுக்குச் சொட்டுக் கூட. போட்டுக் கலக்கிக் கொஞ்சம் விட்டுட்டுச் சவுக்காரத்தைப் போடுங்க. மக்னீசியம் கூடின தண்ணியில இது அவ்வளவா வேலை செய்யாது. அப்படிச் சோடா போட்ட தண்ணியிலயும் புதுக் கட்டி நுரைக்கல்ல. கிணறு மாறல்ல.

கல்முனைக் கடைத்தெரு:
சோடாவுக்கு உப்புப் போகாது. உப்புத் தண்ணிக்குச் சோடா போட்டு என்ன பிரயோசனம்? முதல்ல உங்கட கிணத்துத் தண்ணியை ஆவணியில ஆய்வுகூடத்தில குடுத்துட்டு வந்து பேசுங்க.

ஆரையம்பதிவாசி:
நீங்க முதல்ல பின்னறையில இருந்து ஒரு பழைய கட்டி எடுத்து வைங்க. குறிச்ச விலைக்கு நான் வாங்குறன்.

சம்மாந்துறை வட்டை:
வினாகிரிச் சோதனையை இன்னும் ஒருத்தரும் செய்யல்ல.