புதுப்பிப்பு: பிரசவத்துக்குப் பின் மீண்டும் வீணை

பத்து மாதமாக வீணையைத் தொடவில்லை, தந்தியில் கை வைத்தால் விரல் எரிகிறது, நேரமும் இல்லை என்று மார்ச்சில் இங்கே புலம்பியிருந்தேன். வழி சொன்ன அனைவருக்கும் நன்றி.

கைகொடுத்தது சுருதியை இறக்கும் யோசனைதான். 4 கட்டை என்ற சுருதி அளவிலிருந்து 3-க்கு வந்தேன். தந்தியின் இறுக்கம் தளர்ந்ததால் கமகத்துக்கு (ஸ்வரத்தை அசைக்க) இழுக்கும்போது விரல் அவ்வளவாக நோகவில்லை. மூன்று வாரத்தில் விரல் நுனியின் பழைய காய்ப்பு திரும்பிவிட்டது. விடியற்காலையில் சாதகம் (பயிற்சி) செய்யச் சொன்ன யோசனை மூன்று நாள்கூடத் தாங்கவில்லை. சொன்னவர் மன்னிக்க வேண்டும், அவர் வீட்டுக் குழந்தை இரவில் தூங்கியிருக்கும். இப்போது குளிப்பாட்டித் தூங்கவைத்ததும் பதினைந்து நிமிடம், ஆரம்பப் பாடமான சரளி வரிசையிலிருந்து. வீணையை உறையிலிட்டு மூடாமல் பாயிலேயே வைத்திருக்கிறேன்.

எதிர்பாராதது, மெட்டுகளை (தந்திகளுக்குக் கீழே ஸ்வர இடங்களில் இருக்கும் உலோகக் கம்பிகளை) பதித்திருக்கும் மெழுகு. அபஸ்வரம் என் விரலின் குற்றம் என்று ஒரு வாரம் என்னையே திட்டிக்கொண்டேன். பார்த்தால், கோடை வெயிலில் மெழுகு இளகி, 24 மெட்டுகளில் நான்கு நகர்ந்திருந்தன! நீண்ட நாள் கழித்து வீணையை எடுப்பவர்கள் முதலில் மெட்டுகளைச் சோதியுங்கள். மேளம் கட்டுபவர், அதாவது மெட்டுகளை மெழுகில் பதிப்பவர், வந்து சரிசெய்தார்.

மந்தர ஸ்தாயி (கீழ் ஸ்வரங்கள்) வாசிக்கும்போது முழுக்கத் தூங்கும் மகள், தாளம் போடப் பக்கவாட்டில் இருக்கும் தாளத் தந்தியை மீட்டினால் மட்டும் விழித்துக்கொள்கிறாள். அதனால் தாளம் இப்போதைக்குத் தொடையில்தான்.