ஓஹையோ ஆற்றில் மிதந்த மேடை

அமெரிக்காவின் சின்சினாட்டி நகரில் படித்துக்கொண்டிருந்தபோது, ஒரு கோடைக்கால மாலையில், ஓஹையோ ஆற்றங்கரையில் கட்டி நிறுத்தப்பட்டிருந்த 'மெஜஸ்டிக்' என்னும் மிதக்கும் அரங்கில் நாடகம் பார்த்தேன். திரைப்படங்களில் கண்ட உயர்ந்த புகைபோக்கிகளையும் பெரிய துடுப்புச் சக்கரத்தையும் தேடிய என் கண்ணுக்கு, தட்டையான மிதவையின் மேல் எழுப்பிய ஈரடுக்கு மரவீடு ஒன்றே தென்பட்டது. அதற்கு எஞ்சினே கிடையாது என்றும், 1923இல் கட்டப்பட்ட அது 'அட்டாபாய்' என்ற சிறு படகு பின்னால் நின்று தள்ளத்தான் ஊர் ஊராகப் போய்வந்தது என்றும் வாயிலில் இருந்த முதியவர் பொறுமையாக விளக்கினார். கொதிகலனை நடுவில் வைத்தால் பார்வையாளர்களை எங்கே உட்கார வைப்பது என்று அவர் கேட்ட பிறகுதான் அதன் நியாயம் எனக்குப் புரிந்தது.

இடைவேளைக்குச் சற்று முன்பு, சரக்குத் தெப்பங்களின் நீண்ட வரிசை ஒன்று ஆற்றில் கடந்து சென்றிருக்க வேண்டும். காலடியில் தரை மெல்ல உயர்ந்து தாழ்ந்தது. திரையின் கீழ் விளிம்பு ஒரு விரற்கடை விலகித் திரும்பியது. மேடையில் இருந்த நடிகை மேசை விளிம்பில் கையை ஊன்றி, அசைவு அடங்கும்வரை காத்திருந்து, அடுத்த வசனத்தைப் பதறாமல் தொடங்கினார்.

அன்றிலிருந்து இந்த அரங்குகளின் வரலாற்றைத் தேடிப் படித்துவருகிறேன். இங்கிலாந்திலிருந்து வந்த நடிகர் வில்லியம் சாப்மன், 1831இல் பிட்ஸ்பர்க்கில் ஒரு தட்டைப்படகின் மேல் அரங்கம் கட்டி, குடும்பத்தோடு ஆற்றின் போக்கிலேயே நாடகம் நடத்திக்கொண்டு இறங்கினார். கையில் காசில்லாதவர்கள் விளைபொருளைக் கொடுத்தும் உள்ளே வரலாம். நியூ ஆர்லியன்ஸை அடைந்ததும் படகை விற்றுவிட்டு, நீராவிக் கப்பலில் ஊர் திரும்பி, அடுத்த பருவத்துக்குப் புதிதாக ஒன்றைக் கட்டுவார்கள். நீரோட்டத்தை எதிர்த்து வர அந்தப் படகுக்கு வழியில்லை. நாடகம் என்றால் என்னவென்றே அறியாத கரையோரக் குடியிருப்புகளுக்கு அதைக் கொண்டுசேர்த்த அந்தக் குடும்பத்தின் உழைப்பை நினைக்கும்போதெல்லாம் நெஞ்சம் நெகிழ்கிறது.

அமெரிக்க உள்நாட்டுப் போர் இந்தத் தொழிலை முடக்கியது. 1878இல் அகஸ்டஸ் பிரெஞ்சு என்பவர் தமது 'நியூ சென்சேஷன்' படகால் அதற்கு மறுபடி உயிரூட்டினார். பின்னாளில் திரைப்படமும் நல்ல சாலைகளும் வந்து கூட்டத்தைக் கரையிலிருந்து அழைத்துக்கொண்டன.

மெஜஸ்டிக் 1989இல் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. 2013இல் சின்சினாட்டியில் அதன் கடைசி நாடகப் பருவம் முடிந்த செய்தியைப் படித்தபோது, மேசை விளிம்பில் ஊன்றியிருந்த அந்தக் கைதான் என் கண்முன் வந்து நின்றது.