வென்டிலேட்டரை எடுக்கும் முடிவு யாருடையது?

வைகைக்கரையான்:
மீள வழியில்லாத நிலை வந்தால் வென்டிலேட்டர் வேண்டாம் என்று, சுயநினைவோடு இருக்கும்போதே எழுதி வைக்கும் உரிமையை உச்ச நீதிமன்றம் 2018 மார்ச்சில் ஏற்றுக்கொண்டது. 2023 ஜனவரியில் நடைமுறையையும் எளிதாக்கி, இரண்டு சாட்சிகளோடு நோட்டரி அல்லது கெசட்டட் அதிகாரி முன்னிலையில் கையெழுத்திட்டால் போதும் என்றது. அறுபதைக் கடந்த ஒவ்வொருவரும் இதை எழுதிவிட வேண்டும் என்பது என் கருத்து. சொத்துக்கு உயில் எழுதிவிட்டு இதை மட்டும் பிள்ளைகள் தலையில் போடுவது நியாயமில்லை.

நெல்லைச் செவிலி:
ஐயா, எழுதுகிறவருக்கு அந்த நேரத்தில் என்ன நெருக்கடி இருந்தது என்று காகிதம் சொல்லாது. விருதுநகர்ப் பக்கம் தலைக்கூத்தல் என்று ஒன்று நடந்ததை எல்லோரும் அறிவோம். படுத்த படுக்கையான முதியவருக்குத் தலை நிறைய எண்ணெய் தேய்த்துக் குளிர்ந்த நீரில் குளிப்பாட்டி, இளநீரை அடுத்தடுத்துப் புகட்டி அனுப்பி வைத்தார்கள். அதற்கும் 'அவரே போதும் என்றார்' என்ற சமாதானம் சொல்லப்பட்டது. நிலத்தை எழுதிக் கொடுத்துவிட்டு மருமகள் கையை எதிர்பார்த்திருக்கும் கிழவி 'போதும்' என்றால், அது விருப்பமா, பாரமாகிவிட்டோமே என்ற கூச்சமா?

மும்பை கே.இ.எம். மருத்துவமனையில் 1973-இல் தாக்கப்பட்டு நினைவிழந்த அருணா ஷான்பாக்கை, 2015-இல் அவர் இறக்கும்வரை அங்குள்ள செவிலியர்கள்தாம் பராமரித்தார்கள். அவருக்கு உணவளிப்பதை நிறுத்தக் கோரிய மனுவை அவர்கள் எதிர்த்தார்கள். 2011-இல் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்கவில்லை.

வைகைக்கரையான்:
அதே தீர்ப்புதான் கடுமையான நிபந்தனைகளோடு சிகிச்சையை நிறுத்தவும் வழி திறந்தது, அம்மா. தலைக்கூத்தல் உயிரோடு இருப்பவரைக் கொல்வது. நான் பேசுவது, இயந்திரத்தால் மட்டுமே நீளும் மரணத்தை நிறுத்துவது. ஆவணம் இல்லாத இடத்தில் நடப்பதைத் தாங்களே பார்த்திருப்பீர்கள். மருத்துவர் சொல்லை மீறி அழைத்துச் செல்கிறோம் என்று மகன் கையெழுத்திடுகிறான். ஆம்புலன்சில் ஒருவர், கையால் அழுத்தி மூச்சுக் காற்றைச் செலுத்தும் ஆம்பு பையை அழுத்திக்கொண்டே வருகிறார். வீட்டுத் திண்ணையில் இறக்கியதும் குழாய் உருவப்படுகிறது. அப்போது எந்த மருத்துவக் குழுவும் எதையும் கேட்பதில்லை.

சட்டம் படிப்பவன்:
இடையில் ஒரு தகவல். ஆவணம் இருந்தாலும் மருத்துவமனை அதை உடனே செயல்படுத்திவிட முடியாது. சிகிச்சை அளிப்பவரோடு குறைந்தது இரண்டு வல்லுநர்கள் கொண்ட முதல் குழு ஒப்ப வேண்டும். பிறகு இரண்டாவது குழுவும் ஒப்ப வேண்டும். நிறுத்தும் முன் மாஜிஸ்திரேட்டுக்கும் தெரிவிக்க வேண்டும். பிழைக்க வாய்ப்பு உண்டா என்பதை இக்குழுக்கள் ஆராயும். குடும்பத்தின் கடன் அவர்கள் பார்வைக்கு வராது.

நெல்லைச் செவிலி:
என் அச்சமும் அந்தக் கடைசி வரியில்தான் இருக்கிறது, தம்பி. திண்ணையில் குழாய் உருவப்படுவதை ஐயா சரியாகத்தான் சொன்னார். ஆனால் அங்கே பெரும்பாலும் முடிவெடுப்பது நாளுக்கு நாள் ஏறும் ஐ.சி.யூ. கட்டணம். அதே கட்டணத்துக்கு அஞ்சி முதியவர் முன்கூட்டியே கையெழுத்திட்டால், அதைத் தன்னுரிமை என்று எப்படி ஏற்பது? எழுதும்போது பிள்ளைகளை வெளியே அனுப்பிவிட்டு, செலவைப் பற்றிய கவலை இல்லையென்றால் என்ன கேட்பீர்கள் என்று ஒரு மருத்துவராவது அவரிடம் தனியாகக் கேட்டுப் பதிவு செய்யட்டும்.

வைகைக்கரையான்:
தனியாகக் கேட்பதை மறுக்க மாட்டேன். ஆனால் சேமிப்பைப் பேத்தியின் படிப்புக்கு விட்டுச் செல்ல விரும்புவதும் ஒரு மனிதரின் சுயவிருப்பம்தானே? பணத்தை நினைத்தார் என்பதற்காகவே அவர் கையெழுத்தைச் செல்லாது என்றால், ஏழையின் எந்த முடிவும் செல்லாது.