புதுப்பிப்பு: கரன்ட் மேல் தப்பில்லை, பீட்டா டிரைவர்தான்

போன வாரம் எழுதியிருந்தேனே, மன்னார்குடி வீட்டில் வீடியோ எடிட் செய்யும்போது நீலத்திரை வந்து கணினி தானாக ரீஸ்டார்ட் ஆகிறது என்று. குற்றவாளி பிடிபட்டுவிட்டான்.

முதலில் நான் பழி போட்டது கரன்ட் மேல். குறுவை நடவு நேரம். மும்முனை மின்சாரம் வந்ததும் சுற்றியுள்ள வயல் மோட்டார்கள் எல்லாம் ஓட, வீட்டு டியூப்லைட் மங்கும். உங்களில் பலர் எஸ்எம்பிஎஸ்ஸை (கணினிக்குள் மின்சாரம் தரும் பெட்டி) மாற்றச் சொன்னீர்கள். நல்லவேளை, வாங்கவில்லை. ராத்திரி 11 மணிக்கு, ஒரு மோட்டார்கூட ஓடாதபோதும் அதே நீலத்திரை.

அப்புறம்தான் விண்டோஸ் தன் பிழைகளைப் பதிந்து வைக்கும் ஈவென்ட் வியூவரைத் திறந்தேன். வரிசையாக 4101 என்ற எண். டிஸ்ப்ளே டிரைவர் (கிராபிக்ஸ் கார்டை இயக்கும் மென்பொருள்) பதில் தராமல் நின்று, பிறகு மீண்டது என்று பொருள். கிராபிக்ஸ் கார்டு 2 நொடிக்குள் பதில் தராவிட்டால் விண்டோஸ் அதை ரீசெட் செய்து பார்க்கும். அதுவும் பலிக்காவிட்டால்தான் நீலத்திரை. முதல் 4101 விழுந்த தேதி, நான் ஆசைப்பட்டு பீட்டா டிரைவர், அதாவது சோதனைப் பதிப்பு, போட்ட அதே நாள். (இதை முதலிலேயே சொல்லாதது என் தப்பு.)

சேஃப் மோடில் (அத்தியாவசிய மென்பொருள் மட்டும் ஓடும் நிலை) போய், டிரைவரை நீக்கும் டிடியு என்ற மென்பொருளை வைத்து டிரைவரைச் சுத்தமாகத் துடைத்தேன். அதற்கு முன் நெட் வயரைக் கழற்றிவிடுங்கள். இல்லையென்றால் விண்டோஸ் அப்டேட் தானாக ஒரு டிரைவரைப் போட்டுவிடும். பழைய, பீட்டா அல்லாத பதிப்பைப் போட்டு 6 நாள் ஆகிறது. நேற்று 40 நிமிடக் கல்யாண வீடியோ ஒரே மூச்சில் ரெண்டர் ஆனது. டியூப்லைட் மட்டும் இன்னும் மங்குகிறது.