ஆவி கூப்பிடும் வெப் சீரிஸ் எடுக்கிறோம், முதல் எபிசோடு ஏன் பயமுறுத்தவில்லை?

கதிர்_நெல்லை (கேள்வி)

நானும் நண்பர்கள் மூன்று பேரும் சேர்ந்து யூடியூபுக்காக ஆறு எபிசோடு வெப் சீரிஸ் ஒன்று எடுக்கிறோம். ஃபவுண்ட் ஃபுட்டேஜ் பாணி, அதாவது யாரோ கண்டெடுத்த வீடியோ மாதிரி. செமஸ்டர் லீவுக்கு ஊருக்குப் போகாமல் ஹாஸ்டலிலேயே தங்கிவிட்ட நான்கு பேர். கேரம் போர்டைச் சுற்றி சாக்பீஸால் ஆங்கில எழுத்துகளை எழுதி, எவர்சில்வர் டம்ளரைக் கவிழ்த்து வைத்து, அவர்களில் ஒருவனுடைய இறந்துபோன ஆச்சியைக் கூப்பிடுகிறார்கள். அந்த நான்கு இரவுகளில் எடுத்த வீடியோ மட்டும் பிறகு கிடைக்கிறது. இதுதான் கதை.

முதல் எபிசோடை 11 நிமிடத்துக்கு எடிட் செய்துவிட்டோம். நல்ல காலர் மைக் வாடகைக்கு எடுத்தோம், பின்னணி இரைச்சலை எல்லாம் நீக்கினோம், இசையும் போட்டோம். பார்த்தவர்கள் எல்லாரும் "நல்லா இருக்குடா" என்கிறார்கள். ஒருத்தர்கூட பயப்படவில்லை. என் அக்கா இட்லி சாப்பிட்டுக்கொண்டே பார்த்து முடித்தாள். "ஹோஸ்ட்" படம் பார்த்த அன்று நான் விடியும்வரை லைட்டை அணைக்கவில்லை. அதுவும் வெறும் ஜூம் வீடியோ கால் ஜன்னல்கள்தானே? எங்கே தவறுகிறோம் என்று சொல்லுங்கள்.

ராத்திரி_ஒலி

தம்பி கதிர், நான் சென்னையில் பதினான்கு வருடமாக சவுண்ட் எடிட்டிங் செய்கிறேன். நீங்கள் அனுப்பிய லிங்கை இரண்டு முறை பார்த்தேன். இரண்டாவது முறை திரையை அணைத்துவிட்டு ஹெட்போனில் காதால் மட்டும் கேட்டேன். அப்போதே பிடிபட்டுவிட்டது. இரைச்சலை நீக்குகிறேன் என்று அந்த ஹாஸ்டல் அறையையே துடைத்து எடுத்துவிட்டீர்கள்.

நாலு பேர் பேசுகிறார்கள். பேச்சு நின்றால் ஒன்றுமே இல்லை, பஞ்சடைத்த மாதிரி. உலகத்தில் எந்த ஹாஸ்டல் அறையும் அப்படி இருக்காது. ஃபேன் கிறீச்சென்னும், டியூப்லைட் ரீங்கரிக்கும், எங்கோ ஒரு பாத்ரூம் குழாய் சொட்டும். பார்க்கிறவர் இதையெல்லாம் கவனிப்பதில்லை. ஆனால் அது இல்லையென்றால் "இது எடுத்த படம்" என்று மனசு ஒதுங்கிவிடும். ஒதுங்கிய பிறகு நீங்கள் எந்தப் பேயைக் காட்டினாலும் வேலைக்கு ஆகாது.

காலர் மைக்கைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். கதையில் எந்த போன் படம் பிடிக்கிறதோ, அதே போனின் மைக்கில் பதியுங்கள். பெரும்பாலான போன்கள், சுற்றிலும் சத்தம் அடங்கினால் மைக்கின் கெயினை, அதாவது சத்தத்தைப் பெருக்கும் அளவை, தாமாகவே ஏற்றும். யாராவது பேசினால் சட்டென்று இறக்கும். நம் தொழிலில் இதை ஒரு தொல்லை என்றுதான் சொல்வோம், ஆனால் உங்களுக்கு அது வரம். உங்கள் எபிசோடில் 4:20-ல் பையன் "ஆச்சி, வந்துட்டீங்களா?" என்று கேட்கிறான். மூன்று நொடியில் கட் செய்து டம்ளருக்குப் போகிறீர்கள். போகாதீர்கள். அப்படியே விடுங்கள். எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருக்கும்போது, போன் தானாகக் கெயினை ஏற்ற ஏற்ற, ஃபேன் சத்தம் மெல்ல மெல்லப் பெருகும். ஏதோ ஒன்று கிட்டத்தில் வந்துகொண்டிருப்பதுபோலவே கேட்கும். அப்புறம் டம்ளர் ஒரு "சர்ர்". அதோடு ஃபேன் சத்தம் பொசுக்கென்று அடங்கும். உங்கள் அக்கா கையிலிருக்கும் இட்லி கீழே விழும்.

இசையை மொத்தமாக எடுத்துவிடுங்கள். யாரோ கண்டெடுத்த வீடியோ என்றால் அதில் வயலின் வாசித்தது யார்?

ஹோஸ்டைப் பற்றிச் சொன்னீர்கள். 2020 ஊரடங்கில் ராப் சாவேஜ் எடுத்தது, ஒரு மணி நேரம்கூடக் கிடையாது. நடித்தவர்கள் அவரவர் வீட்டில் இருந்தார்கள். கேமரா, லைட் எல்லாம் தாங்களே வைத்துக்கொண்டார்கள். எஃபெக்ட் வேலைகளில் பலவற்றைக்கூட இயக்குநர் சொல்லச் சொல்லத் தங்கள் கையாலேயே செய்தார்கள். படப்பிடிப்புக்கு முன்னால் ஆவியோடு பேசுகிறேன் என்று சொல்லும் ஒருவரை வைத்து ஆன்லைனிலேயே ஒரு அமர்வும் நடத்திப் பார்த்தார்கள். அதனால்தான் அந்த முகங்களில் கூச்சமும் சிரிப்பும் முதலில் வருகிறது, பயம் பின்னால் வருகிறது. உங்கள் பையன்கள் முதல் நிமிடத்திலேயே பயந்துவிடுகிறார்கள். பிறகு பயப்பட என்ன மிச்சம்?

இன்னொன்று. "பிளேர் விட்ச்" பேய்ப்படம் 1997-ல் மேரிலாண்ட் காட்டில் எட்டு நாளில் எடுத்தது. கேமராவைத் தூக்கிக்கொண்டு நடந்ததே நடிகர்கள்தான். என்ன நடிக்க வேண்டும் என்று ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சீட்டு எழுதி வைப்பார்கள், ஒருவர் சீட்டில் இருப்பது அடுத்தவருக்குத் தெரியாது. டம்ளரை எவன் தள்ளப்போகிறான் என்று உங்கள் நாலு பேருக்கும் முன்கூட்டியே தெரிகிறது, அது நாலு முகத்திலும் எழுதி ஒட்டியிருக்கிறது.

பிசிக்ஸ்_டீச்சர்

கதிர், ராத்திரி_ஒலி கடைசியாகச் சொன்னதைப் பிடித்துக்கொண்டு நான் ஒன்று சொல்கிறேன். யாரையும் தள்ளச் சொல்லவே வேண்டாம். டம்ளர் தானாக நகரும்.

1853-ல் லண்டனில் மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆவியைக் கூப்பிடும் மோகம் தலைக்கேறியிருந்தது. கை வைத்தால் ஆவி மேசையை நகர்த்தும் என்று நம்பினார்கள். விஞ்ஞானி மைக்கேல் ஃபாரடே அதைச் சோதித்துப் பார்த்தார். அட்டைகளை இளகிய பசையால் ஒன்றின்மேல் ஒன்றாக ஒட்டி மேசையில் வைத்து, அதன்மேல் கை வைக்கச் சொன்னார். மேசை கையை இழுத்திருந்தால் அடி அட்டைதான் முன்னால் போயிருக்கும். முன்னால் போயிருந்தது மேல் அட்டை. கைதான் தள்ளியிருக்கிறது. பிறகு கை பக்கவாட்டில் தள்ளுகிறதா என்று காட்டும் ஒரு முள்ளை அவர்கள் கண்ணெதிரே வைத்தார். மேசை நின்றுவிட்டது. இதில் முக்கியம், உட்கார்ந்திருந்த யாரும் பொய் சொல்லவில்லை. தள்ளுகிறோம் என்பது அவர்களுக்கே தெரியாது. இதற்கு ஐடியோமோட்டர் விளைவு என்று பெயர்.

கேரம் போர்டில் பவுடரைத் தூவுங்கள். டம்ளர் வழுக்கும், போன தடமும் வெள்ளையில் கோடாகப் பதியும். ஆளுக்கொரு விரலை வைத்து, கேமராவை ஓடவிட்டு, நாற்பது நிமிடம் நிஜமாகவே கேளுங்கள். "டேய், நீதானே தள்றே?" என்று ஒருவன் கேட்பான். "சத்தியமா நான் இல்லடா" என்று அடுத்தவன் சொல்வான். அந்த முகத்தை எந்த நடிகராலும் கொடுக்க முடியாது.

ஒரு எச்சரிக்கை. நான் பி.எட். படித்தபோது ஹாஸ்டலில் டம்ளருக்குப் பதில் ஒரு காசை வைத்து இதைச் செய்தோம். சமீபத்தில் அப்பாவைப் பறிகொடுத்த ஒரு தோழியும் விரல் வைத்தாள். காசு அவர் பெயரின் எழுத்துகளுக்கே ஓடியது. அவள் இரண்டு நாள் சாப்பிடவில்லை. அவள் விரல்தான் தள்ளியது என்று இன்று எனக்குத் தெரிகிறது, அன்று சொல்லத் தெரியவில்லை. உங்கள் குழுவில் அண்மையில் துக்கம் நடந்த வீட்டுப் பிள்ளை யாராவது இருந்தால், தயவுசெய்து கேமராவுக்குப் பின்னால் நிறுத்துங்கள்.

தேனிக்காரன்

ஆச்சிக்கு இங்கிலீஷ் தெரியுமா கதிர்?

சீண்டுவதற்காகக் கேட்கவில்லை. ஏ, பி, சி, டி போட்ட பலகை 1890 வாக்கில் அமெரிக்காவில் விளையாட்டுச் சாமானாக விற்பனைக்கு வந்தது. எங்கள் ஊரில் செத்தவர்கள் எழுத்துக் கூட்டிப் பேசியதில்லை, வாய் திறந்துதான் பேசுவார்கள். கோடாங்கி உடுக்கை அடித்து "யாரு வந்திருக்கது, சொல்லு" என்று கேட்பார். ஆவி மேலே வந்து பேசுகிறவள் குரலே மாறும். இறந்தவர் யாரை எப்படிக் கூப்பிடுவாரோ அதே பெயரில் கூப்பிடுவாள். சின்ன வயதில் என் பெரியம்மா மேல் தாத்தா வந்து, என்னை "ஏலே சின்னவனே" என்றார். தாத்தாவைத் தவிர யாரும் என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை. இதை எழுதும்போதும் கை சில்லிடுகிறது.

அந்த ஆச்சி பேரனை எப்படிக் கூப்பிடுவார் என்று முதல் எபிசோடில் போகிறபோக்கில் ஒரு தடவை சொல்லிவிடுங்கள். மூன்றாவது எபிசோடு வரைக்கும் அதைத் தொடாதீர்கள்.

கதிர்_நெல்லை

எல்லாருக்கும் நன்றி. நேற்று இரவு திரும்ப எடுத்தோம். போன் மைக், பவுடர், இசை இல்லை. எழுத்துகளை அழித்துவிட்டு "ஆமா", "இல்ல" மட்டும் எழுதினோம். டீச்சர் சொன்னபடி, போன மாதம் தாத்தா தவறிய நண்பனை கேமரா பிடிக்க வைத்தோம்.

முதல் இருபது நிமிடம் ஒன்றும் நடக்கவில்லை, சிரித்துக்கொண்டிருந்தோம். அப்புறம் டம்ளர் நகர்ந்தது. மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்தோம். நான் தள்ளவில்லை என்று இப்போதும் நினைக்கிறேன். ஃபாரடேயைப் படித்த பிறகும் அப்படித்தான் தோன்றுகிறது.

அதற்கு முன்னால் 38 நொடி யாரும் பேசவில்லை. ஃபேன் சத்தம் ஏறிக்கொண்டே போகிறது, வெளியே வாட்டர் மோட்டார் நிற்கிறது, யாரோ எச்சில் விழுங்குவதுகூடக் கேட்கிறது. அதை வெட்டவில்லை. அக்காவுக்கு இன்னும் காட்டவில்லை, ராத்திரி காட்டப்போகிறேன்.