ஒன்னுக்கு பாத்ரூம், கக்காவுக்கு மட்டும் டயப்பர்: மூன்று வயதை நெருங்கும் மகன்

திருப்பூர் அம்மா:

தோழிகளே, அக்காக்களே, என் மகனுக்கு அடுத்த மாதம் மூன்று வயது முடிகிறது. ஒன்னுக்குப் பிரச்சினையே இல்லை. வந்தால் ஓடிவந்து சொல்லிவிடுவான், பகல் முழுக்க ஜட்டிதான். ஆனால் கக்கா மட்டும் டயப்பர் இல்லாமல் போகவே மாட்டேன் என்கிறான். வருவது அவனுக்கு நன்றாகவே தெரிகிறது. பாக்கெட்டிலிருந்து டயப்பரைத் தானே உருவிக்கொண்டு வருவான். போட்டுவிட்டதும் பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் உள்ள சந்தில் போய் நின்றுகொள்வான். கிட்டே போனால் "அம்மா போ" என்று கத்தல்.

டயப்பர் தராவிட்டால் அடக்கிக்கொள்கிறான். காலைப் பின்னிக்கொண்டு, நுனிக்காலில் நின்று, முகம் சிவந்து, கடைசியில் போகாமலேயே விட்டுவிடுவான். அப்புறம் நாள் கணக்கில் போவதில்லை. போகும்போது ஆட்டுப் புழுக்கை மாதிரி உருண்டை உருண்டையாக வருகிறது. வெஸ்டர்ன் டாய்லெட்டில் வைக்கிற குட்டி சீட், ஸ்டிக்கர், சாக்லேட் எல்லாம் கொடுத்துப் பார்த்தாகிவிட்டது. "பிடிவாதம், ரெண்டு வைத்தால் சரியாகும்" என்கிறார் மாமியார். எனக்கு அடிக்க மனசு வரவில்லை. ஜூனில் பள்ளியில் சேர்க்க வேண்டும், அங்கே டயப்பர் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். என்ன செய்வது?

பேத்தி பாட்டி:

அடிக்காதே கண்ணு. எங்கள் காலத்தில் டயப்பர் ஏது? காலை நீட்டி உட்கார்ந்து, இரண்டு பாதத்துக்கு நடுவில் பிள்ளையை உட்கார வைத்து "ம்ம்ம்" என்று சத்தம் கொடுப்போம், அதிலேயே பழகிவிடும். இப்போது பெரியவனாகிவிட்டான், அது நடக்காது. ஆனால் குத்துக்கால் வைத்து உட்கார்ந்தால் சுலபமாகப் போகும், இந்தியன் டாய்லெட் இருக்கிற வீடானால் அதில் பழக்கு. மலம் இறுகி இருந்தால் வெற்றிலைக் காம்பில் விளக்கெண்ணெய் தொட்டு வைப்பார்கள், உடனே வந்துவிடும்.

இரட்டை வால் அம்மா:

பாட்டி சொன்னதில் குத்துக்கால் விஷயம் முழுக்க உண்மை. ஆனால் வெற்றிலைக் காம்பு வேண்டாம் பாட்டிம்மா. இந்தப் பையன் அந்த இடத்தில் வலி வரும் என்றுதான் பயந்துபோய் இருக்கிறான். அங்கேயே கை வைத்தால் பயம் இரட்டிப்பாகும்.

திருப்பூர் தோழி, உங்கள் மகன் பிடிவாதம் பிடிக்கவில்லை. நுனிக்காலில் நிற்பதும் காலைப் பின்னுவதும் முக்குவது மாதிரித் தெரியும், ஆனால் அது உள்ளே அடக்கிப் பிடிப்பது. என் மகளும் இதே கோலத்தில்தான் ஜன்னல் திரைக்குப் பின்னால் நிற்பாள். எங்கள் குழந்தை மருத்துவர் விளக்கியது இதுதான்: என்றோ ஒருநாள் இறுகிப் போய் வலித்திருக்கும். அந்த வலிக்குப் பயந்து குழந்தை அடக்கும். அடக்க அடக்க, குடல் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டே இருக்கும், மலம் இன்னும் கல்லாகும், அடுத்த முறை இன்னும் வலிக்கும். இந்தச் சுழலை அறுக்காமல் ஸ்டிக்கர் ஒட்டி ஒரு பிரயோஜனமும் இல்லை. முதலில் மலம் இளக வேண்டும். டாய்லெட் பழக்கம் அதற்குப் பிறகுதான்.

அதுவரை டயப்பர் கேட்டால் உடனே கொடுங்கள், தயவுசெய்து மறுக்காதீர்கள். உள்ளே தங்குவதைவிட டயப்பரில் வருவது ஆயிரம் மடங்கு நல்லது. மருத்துவரிடம் "அடக்கிக்கொள்கிறான்" என்ற சொல்லையே சொல்லுங்கள். எங்களுக்கு லாக்டுலோஸ் சிரப் கொடுத்தார்கள், சில குழந்தைகளுக்குத் தண்ணீரில் கரைக்கிற பவுடர் தருவார்கள். அளவை அவர்தான் சொல்ல வேண்டும், கடையில் நீங்களாக வாங்காதீர்கள். மலத்தில் ரத்தம், வயிறு உப்பல், வாந்தி, எடை ஏறாமல் இருப்பது, இதில் எது இருந்தாலும் தள்ளிப்போடாமல் காட்டுங்கள். ஜட்டியில் அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்தால் வயிற்றுப்போக்கு என்று நினைக்க வேண்டாம், இறுகிக் கிடக்கும் மலத்தைச் சுற்றி நீர்த்தது வழியும்.

ஒன்று கேட்கிறேன், பால் எவ்வளவு குடிக்கிறான்?

திருப்பூர் அம்மா:

அக்கா, படிக்கும்போதே அழுகை வந்துவிட்டது. பால்தான் அவனுக்குச் சாப்பாடே. காலையில், மதியம் தூங்கும் முன், சாயங்காலம், ராத்திரி என்று பாட்டில் பாட்டிலாகக் குடிப்பான். காய் வைத்தால் துப்புவான். சிரப் பழகிவிட்டால் அது இல்லாமல் போகவே முடியாதாமே, அதுதான் பயமாக இருக்கிறது.

இரட்டை வால் அம்மா:

அந்தப் பயம் எல்லா வீட்டிலும் இருக்கிறது. லாக்டுலோஸ் குடலில் தண்ணீரைத் தக்கவைத்து மலத்தை இளக்கும், அவ்வளவுதான். குடலைச் சோம்பேறியாக்காது. பலர் நான்கு நாள் நன்றாகப் போனதும் நிறுத்திவிடுகிறார்கள், உடனே பழைய கதை திரும்பிவிடும். மாதக் கணக்கில் கூடக் கொடுக்க வேண்டிவரும், மருத்துவர் சொல்லித்தான் குறைக்க வேண்டும்.

பாலை ஒரு நாளைக்கு அரை லிட்டருக்குள் கொண்டுவாருங்கள். முதலில் சாயங்காலப் பாட்டிலை எடுத்துவிடுங்கள், பசி வந்தால் தானாகச் சாப்பிடுவான். காயைத் துப்பினால் பழத்தில் பிடியுங்கள். பப்பாளி, கொய்யா, ராத்திரி ஊறவைத்த கறுப்புத் திராட்சையை நசுக்கி அந்தத் தண்ணீரோடு கொடுக்கலாம். என் மகள் கீரையைப் பார்த்தாலே ஓடுவாள், முருங்கைக்கீரையை அடை மாவில் பொடியாக நறுக்கிப் போட்டால் கேள்வியே கேட்கமாட்டாள்.

வலியில்லாமல் போக ஆரம்பித்து இரண்டு மூன்று வாரம் ஆகட்டும். அப்புறம் இடத்தை மாற்றுங்கள். டயப்பரோடேதான், ஆனால் சந்தில் இல்லை, பாத்ரூமுக்குள் நின்று போகட்டும். அது பழகியதும் டயப்பரோடே சீட்டில் உட்காரட்டும். பிறகு டயப்பரின் ஒட்டுகளைத் தளர்த்தி விடுங்கள், அடுத்து சீட்டின் மேல் விரித்து வையுங்கள், கடைசியில் எடுத்துவிடுங்கள். ஒரு படியில் அழுதால் முந்தின படிக்கே போய்விடுங்கள். என் மகள் தளர்த்திய டயப்பரிலேயே வெகுநாள் நின்றாள், நாங்களும் அவசரப்படுத்தவில்லை.

கால் தொங்கக்கூடாது, இது ரொம்ப முக்கியம். காலுக்குக் கீழே ஸ்டூல் போட்டு முட்டி இடுப்பைவிட உயரமாக வரட்டும், பாட்டி சொன்ன குத்துக்கால் இதிலேயே கிடைத்துவிடும். காலைச் சாப்பாடு முடிந்து கொஞ்ச நேரத்தில் உட்கார வையுங்கள், சாப்பிட்டதும் குடல் தானாக அசையும். ஐந்து நிமிடம் போதும். வரவில்லையா, சரி என்று எழுப்பிவிடுங்கள். அவன் இறங்கி வெளியே போகும்வரை ஃப்ளஷ் பண்ணாதீர்கள், அந்தச் சத்தத்துக்குப் பயப்படும் குழந்தைகள் நிறைய.

பேத்தி பாட்டி:

சரிதான் மகளே, காம்பு வேண்டாம். மாமியாரையும் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போ கண்ணு. நீ சொன்னால் கேட்கமாட்டார், டாக்டர் வாயால் கேட்டால் வீட்டில் அடிப்பேச்சு நின்றுவிடும்.

திருப்பூர் அம்மா:

சனிக்கிழமை போகிறோம் பாட்டிம்மா, அத்தையும் வருகிறேன் என்று சொல்லிவிட்டார். பள்ளியிலும் பேசினேன். டயப்பர் வேண்டாம், ஆனால் மாற்று உடை கொடுத்துவிட்டால் ஆயாம்மா பார்த்துக்கொள்வார் என்கிறார்கள். காலையிலேயே வீட்டில் போய்விட்டால் பள்ளி நேரத்தில் தேவையே வராது என்று நினைக்கிறேன். ஸ்டூல் மட்டும் இன்றைக்கே வாங்கப் போகிறேன்.