மறு: ட்ரோஜன் – குதிரை வேண்டாம், வேடம் போதும்

அன்பு நண்பர்களுக்கு,

நம் ஆன்டிவைரஸ் தமிழாக்கத்தில் "ட்ரோஜன்" (நல்ல மென்பொருள் போல வேடமிட்டு உள்ளே நுழையும் கெட்ட நிரல்) வருகிற பதினொரு சரங்கள், அதாவது திரையில் தெரியும் வாசகங்கள், மட்டும் இன்னும் காலியாகக் கிடக்கின்றன. அதற்கு என்ன தமிழ்ச்சொல் வைப்பது என்று ஓடும் இழையை நேற்றிரவு முதலிலிருந்து படித்துவிட்டு எழுதுகிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

> உலகம் பூராவும் குதிரைதான். ட்ரோய்க் குதிரை என்றே வைத்துவிடலாமே.

குதிரை வயிற்றில் ஒளிந்திருந்தவர்கள் கிரேக்கர்கள். ட்ரோய் நகரத்தார் அதைத் தாங்களே உள்ளே இழுத்துவந்து ஊரைப் பறிகொடுத்தவர்கள். ஆங்கிலத்தில் குதிரையை உதறி வெறும் "ட்ரோஜன்" என்று சுருக்கியதில், பறிகொடுத்தவன் பேரே திருடனுக்கு நிலைத்துவிட்டது. அந்தக் குளறுபடியை ஒற்று மிகுமா மிகாதா என்று பார்த்துப் பார்த்து நாமும் எழுதுவானேன்?

> உதயணன் கதையில் எந்திர யானை வருகிறதே. "பொய்யானை" எப்படி?

எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. யாழ் வாசித்து யானையை வசப்படுத்துகிறவன் உதயணன். அவனைப் பிடிக்க உச்சயினி அரசன் பிரச்சோதனன் யானையையே செய்து, உள்ளே வீரர்களை ஒளித்துக் காட்டில் விட்டான். ஆளின் பலவீனம் பார்த்துப் போட்ட தூண்டில். இந்த நிரல்கள் செய்வதும் அதேதான். ஆனால் திரையில் "பொய்யானை அகற்றப்பட்டது" என்று வந்தால், பாதிப் பேர் அதைத் தட்டச்சுப் பிழை என்றே நினைப்பார்கள்.

என் வாக்கு "வேடநிரல்" என்பதற்கு. ஏன் என்று சொல்ல ஒரு பழைய அவமானத்தைக் கிளற வேண்டும்.

டிடிபி கடை வைத்திருந்த காலம். பழைய எழுத்துருவில் இருந்த ஒரு மலரை யுனிகோடுக்கு மாற்ற வேண்டும், மறுநாள் அச்சுக்குப் போகவேண்டும். ஏதோ ஒரு தளத்தில் காசில்லாமல் ஒரு மாற்றி கிடைத்தது. ஜிப்பைப் பிரித்தால் ஒரு செட்அப், ஒரு கீஜென் (திருட்டு உரிம எண் உண்டாக்கித் தரும் நிரல்), ஒரு ரீட்மீ. ரீட்மீயின் முதல் வரியே "ஆன்டிவைரஸை அணைத்துவிட்டு நிறுவவும்". அணைத்தேன். கீஜென் கிணுகிணுவென்று பாட்டுப் பாடி எண் கொடுத்தது. மாற்றி அருமையாக வேலை செய்தது, மலரும் நேரத்துக்கு முடிந்தது. அதனால்தான் நான்கு நாள் சந்தேகமே வரவில்லை.

பிறகு கணினி இழுக்க ஆரம்பித்தது. ஓடும் நிரல்களைக் காட்டும் டாஸ்க் மேனேஜரில், விண்டோஸின் பின்னணிச் சேவைகளை ஓட்டும் எஸ்விசிஹோஸ்ட் வரிசையாக நின்றது. விண்டோஸில் அது எப்போதும் நிற்பதுதான். அதில் ஒன்றின் பெயரில் மட்டும் ஆங்கில "ஓ" எழுத்து இருக்கவேண்டிய இடத்தில் சுழியம். அசல் கோப்பு சிஸ்டம்32 அடைவில் இருக்கும். இது என் பயனர் கணக்கின் ஆப்டேட்டாவுக்குள் குடியிருந்தது. நிறுத்தினால் சில நொடிகளில் திரும்ப எழுந்தது. எதெது தானாக ஓடவேண்டும் என்று விண்டோஸ் குறித்துவைக்கும் இரண்டு இடங்களிலும் அது இருந்தது: ரெஜிஸ்ட்ரியின் ரன் பகுதியில் ஒரு வரி, டாஸ்க் ஷெட்யூலரில் இன்னொரு வரி. ஒன்றை அழித்தால் மற்றது அதை மறுபடி எழுதிவைத்தது.

இங்கேதான் எனக்கு, சிவனடியார் வேடத்தை அப்படியே நம்பிய மன்னர் மெய்ப்பொருள் நாயனார் கதை நினைவுக்கு வரும். போரில் தோற்றுத் தோற்றுப் பார்த்த முத்தநாதன், நீறு பூசி, ஏட்டுக் கட்டுக்குள் கத்தியை வைத்துக் கட்டிக்கொண்டு திருக்கோவலூருக்கு வருகிறான். எல்லா வாயிலும் திறக்கிறது. கடைசி வாயிலில் காவலன் தத்தன் மட்டும் "அரசர் உறங்குகிறார், சமயம் அறிந்து போங்கள்" என்கிறான். நம் ஆன்டிவைரஸ் அவன்தான். மன்னர் குத்துப்பட்ட பிறகும், வாளோடு பாய்ந்த தத்தனை "தத்தா, நமர்" (நம்மவர்) என்று தடுத்தார். நான் ரீட்மீ சொன்னபடி செய்ததும் அதுதான். என்ன, அவருக்கு முத்தி கிடைத்தது, எனக்குக் கணினி போனது. மன்னர் அத்தோடு விடவில்லை, குத்தியவனைப் பத்திரமாக ஊர் எல்லைவரை கொண்டுபோய் விடச்சொன்னார். விண்டோஸ் ஃபயர்வாலும் இயல்பாகவே வெளியிலிருந்து வருவதைத் தடுக்கும், உள்ளேயிருந்து கிளம்புவதை விட்டுவிடும். வேடநிரல் உள்ளேயிருந்துதான் தன் எசமானனைக் கூப்பிடுகிறது.

("முத்தநாதன்" என்றே வைக்கலாம் என்று ஒருவர் கிண்டலாகச் சொல்லியிருந்தார். சிரித்தேன். ஆனால் கதை தெரியாதவருக்கு அது யாரோ பக்கத்து வீட்டுக்காரர் பெயர்.)

> வைரஸ், ட்ரோஜன் எல்லாம் ஒன்றுதானே? "நச்சுநிரல்" போதாதா?

போதாது. வைரஸ் வேறொரு கோப்பில் ஒட்டிக்கொண்டு தன்னைப் பெருக்கும். புழு தானே ஊர்ந்து அடுத்த கணினிக்குப் போகும். வேடநிரல் தானாகப் பெருகாது, நாம்தான் திறக்கவேண்டும். 1989-இல் எய்ட்ஸ் பற்றிய தகவல் என்று சொல்லி ஏறத்தாழ 20,000 நெகிழ்வட்டுகளை அஞ்சலில் அனுப்பினார்கள். போட்டவர் கணினி சுமார் 90 தடவை தொடங்கிய பிறகு கோப்புப் பெயர்கள் குலைந்தன. பனாமாவில் ஒரு தபால் பெட்டிக்கு 189 டாலர் அனுப்பு என்று திரையில் வந்தது. அது பரவியது தபால்காரர் தயவால். இன்று அதே வேலையை வாட்ஸ்அப்பில் கல்யாணப் பத்திரிகை என்று வரும் ஏபிகே (ஆண்ட்ராய்டு செயலியை நிறுவும் கோப்பு) செய்கிறது. அதற்கு முன்பு, பிடிஎஃப் படம் போட்டுக்கொண்டு "பில்.பிடிஎஃப்.இஎக்ஸ்இ". நிரல் என்று காட்டிக்கொடுக்கும் கடைசி நீட்டிப்பான "இஎக்ஸ்இ"-யை விண்டோஸ் இயல்பாக மறைத்துவிடுவதால் கண்ணுக்கு "பில்.பிடிஎஃப்" மட்டும்தான் தெரியும். எமோடெட் என்ற வேடநிரல் வேர்டு ஆவணமாக வந்து, மஞ்சள் பட்டையில் ஒரு பொத்தானை அழுத்தச் சொன்னது. 2021 ஜனவரியில் பல நாட்டுப் போலீஸ் சேர்ந்து முடக்கியும் அதே ஆண்டு நவம்பரில் திரும்ப வந்தது.

ஆகவே "ட்ரோஜன் தொற்றியது" என்ற சரத்தில் "தொற்று" எனக்கு உடன்பாடில்லை. "நுழைந்தது" என்று போடுவோம். "கிருமி நீக்கு" பொத்தானும் இங்கே பொருந்தாது. வைரஸ் ஒட்டிய கோப்பில் அசல் கோப்பு உள்ளே இருக்கிறது, சில சமயம் சுத்தம் செய்து மீட்கலாம். வேடநிரலில் மீட்க எதுவும் இல்லை, மொத்தமாக "அகற்று". குவாரன்டைனுக்குத் "தனிமைப்படுத்து". கொரோனா புண்ணியத்தில் அதற்கு விளக்கமே தேவையில்லை.

அகற்றும் முறை சொல்லும் பக்கத்தில் வரிசையையும் மாற்றச் சொல்கிறேன். இப்போது ஸ்கேன் முதலில் இருக்கிறது. முதல் வேலை இணைய வயரைப் பிடுங்குவது, வைஃபையை அணைப்பது. கடவுச்சொற்களை வேறு நல்ல கணினியில் மாற்றவேண்டும். கெட்டுப்போன கணினியிலேயே மாற்றினால் புதிதையும் அது படித்துக்கொள்ளும். ஓடும் விண்டோஸுக்குள் ஒளிந்துகொள்வது பிடிபட, விண்டோஸோடு வரும் ஆன்டிவைரஸான டிஃபெண்டரின் ஆஃப்லைன் ஸ்கேன். அது விண்டோஸ் எழும்முன் ஓடும். பிறகு ஆட்டோரன்ஸ் என்ற கருவியை வைத்து, விண்டோஸோடு தானாக எழுபவற்றின் தொடக்கப் பட்டியலைப் பார்க்கலாம். நான் இவ்வளவும் செய்து ஒரு வாரம் போராடி, கடைசியில் ஆவணங்களை மட்டும் எடுத்துக்கொண்டு ஃபார்மேட்தான் போட்டேன். அதை முதல் நாளே செய்திருக்கலாம். ஒரு செட்அப் கோப்பைக்கூடத் திரும்ப எடுக்கவில்லை.

> ஐலவ்யூ என்ன? அது புழு, ஆனால் காதல் கடிதம் போல வந்ததே.

நல்ல கேள்வி. 2000 மே மாதத்து அந்த நிரல் வருவது வேடத்தில், பரவுவது புழுவாக. "வேடமிட்ட புழு" என்று எழுதிவிடலாம். குதிரை வைத்திருந்தால் இங்கே முழித்திருப்போம்.

"வேடதாரி" இன்னும் எளிது என்று சொன்ன அம்மையாருக்கு: பேச்சில் அதுதான் முதலில் வாயில் வருகிறது, உண்மை. ஆனால் வேடதாரி உயர்திணை. "நுழைந்தது" என்று முடித்தால் காது உறுத்துகிறது, "நுழைந்தான்" என்று எழுதவும் முடியாது. கெடுதல் செய்யும் எல்லா நிரலுக்கும் பொதுவான "மால்வேர்" என்பதற்குச் சிலர் எழுதும் "தீம்பொருள்" பற்றியும் ஒரு வார்த்தை: தீம்பால், தீஞ்சுவை என்று படித்த வாய்க்கு அது இனிப்புப் பண்டமாகத் தெரிகிறது. பொதுச்சொல்லுக்குத் "தீநிரல்" இருக்கட்டும், அதன் கீழே வேடநிரல்.

கணினிக்குள் திருட்டுத்தனமாக வந்துபோக வைக்கும் ரகசிய வழியான பேக்டோருக்குப் "பின்கதவு" என்று போட்டிருக்கிறீர்கள். "கொல்லைவாசல்" எனக்குப் பிடிக்கும், ஆனால் லகர ளகரம் மாற்றி அடித்தால் "கொள்ளைவாசல்" ஆகிவிடும். பொருள் என்னவோ அப்போதும் சரியாகத்தான் இருக்கிறது. இதை நீங்களே முடிவு செய்யுங்கள்.

ஞாயிறு இரவுக்குள் மறுப்பு வராவிட்டால் பதினொரு சரத்திலும் வேடநிரலைப் போட்டு ஏற்றிவிடுகிறேன்.